மடல்களை வடிகட்டும் நிரல் எதையும் அழிக்கக் கூடாது

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மின்னஞ்சல் குழுவில் குவியும் காலை வணக்கப் படங்களையும் கடன் விளம்பரங்களையும் தானாகவே நீக்கிவிட, மடல்களைக் கையாளும் வழங்கியின் (server) பின்னணியில் ஒரு நிரலை ஓடவிடலாம் என்று நிர்வாகக் குழு யோசனை தெரிவித்திருக்கிறது. நிரல் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மடல்களைப் பிரித்து வைக்க வேண்டுமே தவிர, ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் இறுதிக் கிரியைகள் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் முடிந்துவிடும் நிலையில், மரண அறிவித்தல் ஒன்று தவறிப்போனால், ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் பிள்ளைக்கு விமானச் சீட்டு எடுக்கும் அவகாசமே இல்லாமல் போகும்.

தமிழ்ச் சொல்லை வைத்து விதி எழுதுவது தோன்றுவதைப் போல் எளிதன்று. மடலின் தலைப்பில் உள்ள தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே பயணிப்பதில்லை. அவை பேஸ்64 முறையில் லத்தீன் எழுத்தும் எண்ணும் கலந்த சரமாக மாற்றப்பட்டே அனுப்பப்படுகின்றன. ‘மரணம்’ என்ற சொல்லில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தரநிலையின் கணக்கில் 5 குறிகள் உள்ளன. அவற்றைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் அவை 15 பைட்டுகளாகி, பேஸ்64-இல் 20 எழுத்துகள் கொண்ட சரமாகின்றன. புரொக்மெயில் போன்ற பழைய மடல் வடிகட்டும் கருவி அந்தச் சரத்தை மட்டுமே பார்க்கும் என்பதால், அதில் நாம் தமிழில் எழுதிய விதி எதனோடும் பொருந்தாது. ஆகவே தலைப்பை முதலில் குறிநீக்கம் செய்தாக வேண்டும், அதாவது அந்தச் சரத்தை மீண்டும் தமிழ் எழுத்தாக மாற்ற வேண்டும். ‘கொடியேற்றம்’ போன்ற சொற்களில் வேறொரு சிக்கலும் உண்டு: ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்தும் பதியலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு வேறு. பைதன் என்ற நிரல்மொழியில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரு வரி போதும். அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

இவை தீர்ந்த பிறகும் பொருள் சார்ந்த சிக்கல் நீங்குவதில்லை. ‘கடன்’ என்ற சொல் வந்தால் தடுத்துவிடு என்று விதித்தால், ‘இறுதிக்கடன்கள் நாளை காலை நடைபெறும்’ என்ற அறிவித்தலும் அதே விதியில் அகப்படும். சொற்கள் இல்லாமல் படம் மட்டுமே உள்ள மடல்களைத் தடுத்தால், கண்ணீர் அஞ்சலிப் பதாகையை மட்டும் இணைத்து அனுப்பும் குடும்பங்களின் மடல்கள் தடைபடும். துயரத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். என் பார்வையில் ஓரளவு நம்பத்தக்க விதி ஒன்றுதான்: ஒரே படம் மீண்டும் வந்தால், அதன் எண்ணடையாளத்தை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் குறியீட்டை) ஒப்பிட்டு, இரண்டாவது பிரதியை ஒதுக்கி வைப்பது. படத்தின் அளவு சிறிது மாறினாலும் எண்ணடையாளம் மாறிவிடும் என்பதால் சில பிரதிகள் தப்பி வரும். அதனால் நட்டமில்லை.

அஞ்சல் வடிகட்டலுக்கென்றே உருவான சீவ் மொழியைப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறேன். 2001-இல் இணையத் தரநிலையாக வெளியாகி 2008-இல் திருத்தப்பட்ட அந்த மொழியில், எந்த விதியும் பொருந்தாத மடல் இயல்பாகவே உட்பெட்டிக்குச் சேர்ந்துவிடும். விதிக்கோப்பு ஓடும்போது பிழை நேர்ந்தாலும் மடல் தொலைவதில்லை. ஐயம் வந்தால் வைத்துக்கொள் என்ற அந்த ஒழுங்குதான் நம் குழுவுக்கும் பொருந்தும். எண்ணடையாளம் பார்க்கும் வேலை சீவ் மொழிக்கு அப்பாற்பட்டது; அதற்கு மட்டும் சிறிய பைதன் நிரல் ஒன்றை குறித்த நேரங்களில் நிரல்களை இயக்கும் கிரான் என்ற கருவி மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கலாம்.

ஒதுக்கி வைத்த மடல்களை மனிதக் கண்ணே பார்க்க வேண்டும். ரொறன்ரோ உறங்கும் வேளையில் சிட்னி விழித்திருக்கும் என்பதால், வெவ்வேறு நாடுகளில் இருந்து மூவர் முன்வந்தால் நாள் முழுவதும் அந்தப் பெட்டியைக் கவனிக்க முடியும். விதிக்கோப்பை நான் எழுதித் தருகிறேன். எல்லோரும் படித்துக் கருத்துச் சொல்லும்படி அதைக் குழுவிலேயே பகிர்வேன். கண்காணிக்க விரும்புவோர் தாம் வசிக்கும் நாட்டையும் தமக்கு வசதியான நேரத்தையும் குறிப்பிட்டுச் செயலாளருக்கு எழுதுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.