கொலுப் பூங்காவை நான்கு வயதுக் குழந்தையிடம் விடலாமா? எதை, எப்போது விதைப்பது?

பூவரசு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இரண்டாம் மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது. வெயில் விழுவது கிழக்குப் பார்த்த சிறு பால்கனியில் மட்டும்தான், அதுவும் காலை பத்து மணி வரைதான். சென்ற ஆண்டு ஐந்து படிகள் கட்டினோம். பொம்மையைத் தொடாதே, படியருகே போகாதே என்று ஒன்பது நாளும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்ததில், கொலு என்றாலே தள்ளி நின்று பார்க்க வேண்டியது என்று அவளுக்குப் பதிந்துவிட்டது. இந்த ஆண்டு மூன்று படிகளோடு நிறுத்திக்கொண்டு, கீழே தரையில் அமைக்கும் பூங்காவை முழுக்க அவள் பொறுப்பில் விட எண்ணியிருக்கிறேன்.

என் சிறுவயதில் அம்மா கேழ்வரகை முளைக்க விட்டு வயல் அமைப்பார்; அதன் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியைப் புதைத்துக் குளமாக்குவார். வயல் நினைவிருக்கிறது, அவர் செய்த முறை நினைவில்லை. சென்ற வாரம் முன்னோட்டமாகத் தட்டில் கேழ்வரகு தூவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்திருந்ததால் பூஞ்சணம் என்று கொட்டிவிட்டேன். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் புல்விரிப்பை வாங்க மனமில்லை. எதை விதைத்தால் எளிதில் வரும், எத்தனை நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும், இதில் குழந்தை தானே செய்யக்கூடிய வேலை என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:

நல்ல முளையைக் கொட்டிவிட்டீர்களே அம்மா! நீங்கள் கண்டது பெரும்பாலும் வேர்த்தூவியாகத்தான் இருக்கும். கேழ்வரகு முளைவிடும்போது வேரைச் சுற்றி வெண்மையான நுண்ணிய தூவிகள் எழும். முதன்முறை பார்ப்பவர்கள் அனைவரும் பூஞ்சணம் என்றுதான் பயப்படுவார்கள். அடையாளம் காண்பது எளிது: நீர் தெளித்தால் வேர்த்தூவி வேரோடு ஒட்டிக் கண்ணுக்கு மறைந்துவிடும், பூஞ்சணம் விதைக்கு விதை வலை போலப் பின்னியபடி நிற்கும், புளித்த வாடையும் வரும்.

முதன்முறை என்பதால் வெந்தயத்தில் தொடங்குங்கள். விதை பெரியது, பிஞ்சு விரல்களால் எடுத்துத் தூவ வசதியானது, ஏமாற்றுவதும் குறைவு. இரவில் ஊற வைத்து, மறுநாள் காலையில் நீரை வடித்துவிட்டு, அடியில் துளையிட்ட தட்டில் ஒரு விரற்கடை அளவு மணலோ தென்னைநார்க் கழிவோ பரப்பி, அதன் மேல் தூவி, ஈரத்துணியால் மூடி வையுங்கள். இரண்டு நாளில் முளை தெரியும். தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டுப் பால்கனிக்கு மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நிற்கும். கடுகை ஊற வைக்க வேண்டியதில்லை, ஈர மணலில் அப்படியே தூவலாம். கேழ்வரகு சற்றுப் பொறுமை கேட்கும். ஆனால் நெல்வயலின் தோற்றம் அதில்தான் வரும்.

மகாளய அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் கொலு தொடங்குகிறது. அதற்கு ஐந்து நாள் முன்பு முதல் தட்டை விதையுங்கள். அந்தத் தட்டு ஒன்பது நாளும் நிமிர்ந்து நிற்காது, வளர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே அமாவாசையன்று இரண்டாம் தட்டையும் விதைத்துவிட்டால் நடுவில் மாற்றி வைக்கலாம்.

குழந்தைக்குரிய வேலை நீர் தெளிப்பதுதான். குவளையைக் கையில் கொடுத்தால் ஒரே வேளையில் வயல் ஏரியாகிவிடும். புண்ணியாகவாசனத்தின்போது சாஸ்திரிகள் மாவிலையால் தெளிப்பதைப் பார்த்திருப்பாள் அல்லவா? அதே போலக் கிண்ணத்தில் கொஞ்சம் நீரும் ஒரு மாவிலைக் கொத்தும் கொடுங்கள். நீரும் அளவாக விழும், அவளும் மிகுந்த பொறுப்போடு தெளிப்பாள். என் பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் தட்டருகே குப்புறப் படுத்துக்கொண்டு, எந்த முளை விதைத்தோலைத் தொப்பி போலத் தலையில் சுமந்து நிற்கிறது என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த அரை மணி நேரம் வீட்டில் தொலைக்காட்சிகூட ஓடாது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு தட்டை மட்டும் கூடையால் கவிழ்த்து இருட்டிலேயே வளருங்கள். ஒளி படாததால் பச்சையம் உண்டாகாமல், வெளிர்மஞ்சளாக நெட்டையாக வளரும். முளைப்பாரிக்கு அந்த நிறம் வருவதும் இப்படித்தான். இரண்டையும் அருகருகே வைத்தால் பூங்காவில் விளைந்த வயலும் இளவயலும் இருப்பது போலத் தோன்றும்.

கொசப்பேட்டைக்காரன்:

மண்வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குயவர்களிடம் பிசைந்த களிமண்ணாகவே கேட்டு வாங்குங்கள். தோட்டத்து மண் குழந்தையின் கையில் நிற்காது. நான்கு வயதுக்கு மாடும் மனிதரும் செய்யக் கொடுக்காமல் கிணறு, உறைமோர்ச் சட்டி, மலை ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். செய்ததை வெயிலில் வைத்தால் வெடிக்கும். இரண்டு மூன்று நாள் நிழலில் உலர விட வேண்டும். உலர்ந்த பிறகும் வெடிப்பு விட்டால் அதே மண்ணைக் குழைத்துப் பூசிக்கொள்ளலாம். தீப்பெட்டிகளை வீடாக்கி, பூந்துடைப்பத்தின் உதிர்ந்த பூக்களைக் கூரையாக ஒட்டினோம். குளத்துக்குக் கண்ணாடிச் சில்லு வேண்டாம்; எவர்சில்வர் தட்டில் உண்மையான நீரை ஊற்றி, கரையில் மணலை அணைத்துவிடுங்கள்.

குழந்தை அமைத்த பூங்காவில் கோயிலைவிட வாத்து பெரிதாக இருக்கும், சாலை நேராகக் குளத்துக்குள் போகும். இரவில் அவள் உறங்கிய பிறகு நாம் சரிசெய்யக் கூடாது. நான் ஒருமுறை செய்துவிட்டு மறுநாள் காலையில் பட்டபாடு போதும்.

சுண்டல்:

ஒரே ஓர் எச்சரிக்கை. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய குன்றிமணிகள் மீதமிருந்தால், மண்பொம்மைகளுக்குக் கண் வைக்க அவற்றைக் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். அதன் பருப்பில் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது; மென்றாலும், துளையிட்ட மணியை விழுங்கினாலும் பேராபத்து. மிளகோ கறுப்பு உளுந்தோ வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இன்னும் சிறிய குழந்தை இருந்தால் அவையும் மூக்குக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

வடக்குவாசல்:

பூங்கா நல்ல யோசனைதான், ஆனால் படிகளை முற்றிலும் விலக்கி வைப்பதை நான் ஏற்கவில்லை. தொடக்கூடாத பொம்மைகளுக்கு நடுவில் தொடுவதற்கென்றே ஒன்று இருக்கிறதே! மரப்பாச்சி மரத்தாலானது, விழுந்தாலும் உடையாது; ஆண்டுதோறும் அதற்குப் புத்தாடை உடுத்துவதும் வழக்கம். பழைய பட்டுப்புடவையின் கரைத்துண்டு, கொஞ்சம் ஜரிகைத்தாள், கட்டுவதற்கு நூல் ஆகியவற்றைக் கொடுத்து மரப்பாச்சி இணையை உங்கள் மகளே அலங்கரித்து, அவள் கையாலேயே படியில் வைக்கட்டும். ஊசி தேவையில்லை, சுற்றி முடிச்சிட்டால் போதும். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும் வேலையையும் அவளுக்கே கொடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தாலாட்டும் உண்டு.

பூவரசு:

எல்லோருக்கும் நன்றி. அரசலாறு அம்மா, கொட்டியது வேர்த்தூவிதான் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது; நீர் தெளித்துப் பார்க்கவே இல்லை. நேற்றிரவு வெந்தயத்தை ஊற வைத்து இன்று காலையில் விதைத்தோம். கணக்குப்படி அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருப்பதால் இதுவும் முன்னோட்டம்தான். குன்றிமணி டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். வடக்குவாசல் சொன்னது சுருக்கென்று தைத்தது. மரப்பாச்சியை இன்றே பெட்டியிலிருந்து எடுக்கிறேன்.

மாவிலை யோசனைதான் சற்று அளவுக்கு மீறி வேலை செய்கிறது. தட்டுக்குத் தெளித்து முடித்தவள், வாசலில் இருந்த செருப்புகளுக்கும் அவள் அப்பாவின் மடிக்கணினிக்கும் தெளிக்கத் தொடங்கிவிட்டாள். கிண்ணத்தைச் சிறியதாக்கியிருக்கிறேன்.