எம்மேப் செய்த ஃபைலைப் படிக்கும்போது பஸ் எரர், அவசரம்

குழம்பியவன்: பெரிய லாக் ஃபைல் ஒன்றை எம்மேப் (mmap, ஃபைலை மெமரி முகவரிகளாகக் காட்டும் அழைப்பு) பண்ணிப் படிக்கிறேன். பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது, நள்ளிரவு தாண்டினால் ‘பஸ் எரர்’ என்று சொல்லிவிட்டுச் செத்துவிடுகிறது. எம்மேப் தோற்கவில்லை, அதைப் பார்த்துவிட்டேன். நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

நிலா: எந்த ஓ.எஸ்.? ஃபைல் எவ்வளவு பெரிசு? எழுதுகிறீர்களா, படிக்க மட்டுமா?

வெள்ளைப்பலகை: ராம் போதவில்லை, வேறென்ன. இவ்வளவு பெரிய ஃபைல் மெமரியில் ஏறினால் அப்படித்தான்.

பழையகை: முழுசாக எங்கே ஏறுகிறது? எம்மேப் முகவரிகளை மட்டும்தான் ஒதுக்கும். தொடும் பக்கம்தான் (மெமரியின் ஒரு துண்டு) பேஜ் ஃபால்ட் வழியாக, அதாவது மெமரியில் இல்லாததைத் தொட்டதும், வந்து சேரும், ராம் இறுகினால் மாறாத பக்கங்களைக் கர்னல் (ஓ.எஸ்.ஸின் மையப்பகுதி) யோசிக்காமல் தூக்கி எறியும், அசல்தான் டிஸ்கில் இருக்கிறதே. மேனுவல் பக்கத்தை ஒருமுறையாவது திறந்துவிட்டுப் பதில் எழுதினால் நல்லது.

குழம்பியவன்: லினக்ஸ், 64 பிட், 6 ஜிபி. படிக்க மட்டும்.

சுழல்தட்டு: டிஸ்க் கெட்டிருக்கும். படிக்க முடியாத செக்டரைத் தொட்டாலும் இதே சிக்பஸ்தான் (பஸ் எரருக்கான சிக்னல்) வரும். டிமெசேஜ் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) பாருங்கள்.

நிலா: தினமும் நள்ளிரவில் மட்டுமா டிஸ்க் கெடும்? அந்த நேரத்தில் ஃபைலை வேறு யாராவது சுருக்குகிறார்களா?

பழையகை: அதேதான். 5000 பைட் ஃபைல், 4096 பைட் பக்கம் என்றால் இரண்டு பக்கம். 5000 முதல் 8191 வரை பூஜ்யமாகத் தெரியும், அதற்கு மேல் முகவரி மேப்பில் இருந்தாலும் பின்னால் ஃபைல் இல்லை, அதனால் சிக்பஸ். மேப் பண்ணிய பிறகு ஃபைல் குறுகினாலும் இதே கதை. முகவரியே மேப்பில் இல்லையென்றால்தான் செக்ஃபால்ட் (மெமரி அத்துமீறல் பிழை).

வெள்ளைப்பலகை: இதற்குத்தான் பேசாமல் ரீட் (read, ஃபைலை உங்கள் பஃபருக்குள் படிக்கும் அழைப்பு) போடுங்கள் என்பது. வரிசையாகப் படிக்க எம்மேப் எதற்கு? ஒவ்வொரு பேஜ் ஃபால்ட்டும் செலவு.

சுழல்தட்டு: ரீட் மட்டும் இலவசமா? பேஜ் கேஷிலிருந்து (ஃபைல் பக்கங்களைக் கர்னல் ராமில் வைத்திருக்கும் இடம்) உங்கள் பஃபருக்கு ஒரு காப்பி.

வெள்ளைப்பலகை: காப்பி மலிவு. பிழை வந்தால் ரீட் ஒரு எண்ணைத் திருப்பும், உங்கள் எம்மேப் ஆளையே கொல்லும்.

சுழல்தட்டு: அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

குழம்பியவன்: லாக்ரொட்டேட்தான் (பழைய லாக்கை ஒதுக்கிவைக்கும் கருவி)! காப்பிட்ரன்கேட் (நகலெடுத்துவிட்டு அசலைக் குறுக்கும் வழி) போட்டிருந்தார்கள், எடுத்துவிட்டு ரீநேம் (பழைய ஃபைலின் பெயரை மாற்றும்) வழிக்கு மாற்றியாச்சு. நன்றி.

நிலா: நல்லது, பழைய ஐநோடு (பெயருக்குப் பின்னால் இருக்கும் அசல் ஃபைல் பதிவு) உங்கள் மேப் இருக்கும்வரை சாகாது. ஆனால் லாக் எழுதும் புரோகிராம் புது ஃபைலைத் திறந்துகொள்கிறதா? இல்லையென்றால் பழையதிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

நிலா: இருக்கிறீர்களா?