விடுதியில் ஒட்டும் உதவி அட்டை: உங்கள் உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். பாலியல் வன்முறைக்கு உள்ளான மாணவிகளுக்காக ஒரு பக்க அட்டை தயாரிக்கிறோம். சம்பவத்துக்குப் பிறகான முதல் 72 மணி நேரத்தில் செய்ய வேண்டியதை எழுதி முடித்துவிட்டோம். முடிந்தால் குளிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். (குளித்திருந்தாலும் போகலாம். இதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம்.) போட்டிருந்த துணியைக் காகித உறையில் வைக்க வேண்டும்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது, தனியார் மருத்துவமனையிலும் இலவசம்.

சிக்கல் இங்கேதான்: மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இதை மறைக்கவும் கூடாது, படிப்பவர் மிரண்டு போகவும் கூடாது. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் யாராவது இரண்டு வரியில் எழுதித் தாருங்கள்.

அடுத்தது, கல்லூரிக்குள்ளேயே பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும் என்று யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதி சொல்கிறது. விசாரணை நடக்கும்போதே, புகாருக்கு உள்ளானவர் ஆசிரியராக இருந்தால், புகார் கொடுத்த மாணவியின் விடைத்தாளை அவர் திருத்தக் கூடாது என்றும் கேட்கலாம். அந்த மனுவுக்குத் தமிழ் மாதிரி வைத்திருப்பவர்கள், பெயர்களை அழித்துவிட்டு அனுப்புங்கள். யாருடைய அனுபவத்தையும் இங்கே பொதுவில் எழுத வேண்டாம்.