விக்கியில் எச்டிஎம்எல்லை அப்படியே அனுமதிக்கலாமா?

வெள்ளவத்தை_டீச்சர்:
உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். குறிப்புகளை டோகுவிக்கியில் (பலர் சேர்ந்து பக்கங்களைத் தொகுக்கும் விக்கித் தளத்துக்கான ஒரு மென்பொருள்) போட்டு வருகிறோம். என்னோடு சேர்த்து 22 பேர் எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறை பழக்கம் என்பதால் அதற்கான செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) போட்டிருக்கிறேன்.

சிக்கல் அட்டவணையில். நாக (சிங்க்) அயனுக்குச் சோடியம் ஐதரொட்சைட்டு சேர்த்தாலும் அமோனியாக் கரைசல் சேர்த்தாலும் வெள்ளை வீழ்படிவு வரும், மிகையில் கரைந்துவிடும். இரண்டு நிரலுக்கும் ஒரே கட்டம் வேண்டும். பிரித்து எழுதினால் இரண்டு வேறு விடை என்று பாடமாக்கிவிடுகிறார்கள். மார்க்டவுன் அட்டவணையில் கட்டங்களை இணைக்க வழியில்லை. செருகுநிரலில் எச்டிஎம்எல்லை, அதாவது இணையப் பக்கங்களை எழுதும் மொழியை, அப்படியே அனுமதிக்கும் தெரிவு இருக்கிறது. 2004இல் மார்க்டவுனை வெளியிட்ட ஜோன் குரூபரே, அதில் இல்லாததற்கு எச்டிஎம்எல்லை எழுதச் சொல்கிறார். எழுதுபவர்கள் எல்லோரும் என் மாணவர்கள்தான். திறந்துவிடலாமா?

கொட்டாஞ்சேனை_அட்மின்:
வேண்டாம் டீச்சர். குரூபர் சொன்னது தன் பக்கத்தைத் தானே எழுதுகிறவருக்குச் சரி. விக்கியில் ஒருவர் எழுத இன்னொருவர் திறக்கிறார். ஒரு பிள்ளையின் கடவுச்சொல் வெளியே போனால் போதும், யாரோ ஒரு ஸ்கிரிப்டை (பக்கத்தைத் திறந்ததும் தானாக ஓடும் கட்டளைகளை) வைத்துவிடலாம். நீங்கள் நிர்வாகியாக உள்நுழைந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் அது உங்கள் அதிகாரத்தோடு ஓடும்.

கெட்ட எண்ணமே தேவையில்லை. நான் பார்த்துக்கொண்ட ஒரு பழைய மாணவர் விக்கியில் இதைத் திறந்துதான் வைத்திருந்தோம். ஒருவர் வேர்டிலிருந்து ஒட்டிய துண்டில் ஒரு டிவ் (பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் எச்டிஎம்எல் டேக்) மூடப்படவில்லை. அந்தப் பக்கத்தில் தொகுக்கும் பொத்தானே மறைந்துவிட்டது. நல்லவேளை, டோகுவிக்கி பக்கங்களை வெறும் எழுத்துக் கோப்பாக வைத்திருக்கிறது. சேவருக்குள் போய்த் திருத்தினேன்.

வெள்ளவத்தை_டீச்சர்:
நன்றி தம்பி. ஸ்கிரிப்ட் டேக்கை மட்டும் தடுத்துவிட்டு மற்றதை விட்டால்?

கொட்டாஞ்சேனை_அட்மின்:
போதாது. படம் போடும் டேக்கிலேயே, படம் வராவிட்டால் ஓடும்படி ஒரு கட்டளையை எழுதலாம். 2005இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் இப்படித்தான் சில சொற்களைத் தடுத்து வைத்திருந்தது. சாமி என்ற புழு (கணக்குக்குக் கணக்கு தானாகப் பரவும் ஸ்கிரிப்ட்) 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை இரண்டு வரியாக உடைத்து உள்ளே போனது. ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்குப் பரவியது. தடுக்க வேண்டியதைப் பட்டியலிட்டால் ஒன்று தப்பும். அனுமதிப்பதைத்தான் பட்டியலிட வேண்டும், அதற்கென்று சோதிக்கப்பட்ட வடிகட்டியோடு. 2022இல் வந்த 'இகோர்' பதிப்பில் டோகுவிக்கியே தன் எச்டிஎம்எல் தெரிவை அடிப்படை மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டது.

தெகிவளை_வாசகன்:
டீச்சர், கட்டத்தை இணைக்க எச்டிஎம்எல்லே தேவையில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் டோகுவிக்கியின் சொந்தக் குறியீட்டில் எழுதுங்கள். விடையை எழுதியபின் இடைவெளி விடாமல் || என்று இரண்டு கோடு போட்டால் அடுத்த நிரலோடு சேரும். மேலே உள்ள கட்டத்தோடு சேர்க்க, கீழ்க்கட்டத்தில் ::: மட்டும் போடுங்கள்.

வெள்ளவத்தை_டீச்சர்:
செய்து பார்த்தேன், நாகத்தின் வரிசை நான் கேட்டபடியே வந்துவிட்டது. தெரிவை மூடியே வைத்திருக்கிறேன். அடுத்து அலுமினியம், அதன் வீழ்படிவு மிகையான அமோனியாவில் கரையாது, அங்கே இரண்டு கட்டமும் தனித்தனியாகவே இருக்கும்.