மறுமொழி: நானோகுழாய்க்குத் 'தூம்பு' பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

கார்பன் நானோகுழாயால் (carbon nanotube) ஆன திரிதடையம் (டிரான்சிஸ்டர்) பற்றிய ஆய்வகக் கையேட்டின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இந்த மடலிழை நீண்டுவிட்ட நிலையிலும் எழுதுகிறேன். அக்குழாய்க்குக் 'கரிம நுண்குழாய்' என்னும் பெயர் எனக்கு உடன்பாடன்று. நுண்குழாய் என்றால் மாணவர் தந்துகியையும், கரிமம் என்றால் கரிம வேதியியலையும் நினைப்பார். ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் விட்டமும் ஓரணுத் தடிப்புச் சுவரும் உடைய பொருளுக்கு இவ்விரு மயக்கமும் ஏன்?

ஐயா முன்மொழிந்த 'தூம்பு' அழகிய சொல்தான். யானைத் துதிக்கையின் உட்டுளையையும், ஊதுகருவியையும், ஏரியின் நீர்போக்கியையும் குறித்த சொல் அது. ஆனால் அந்த மூன்றாம் பொருளே இங்கு இடறுகிறது. திரிதடையத்தின் ஊற்றுமுனையிலிருந்து (source) வடிகால்முனைக்குக் (drain) குழாய்வழிச் செல்லும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனைக்கு (gate) 'மதகு' என்று சென்ற வாரந்தான் ஒப்பினோம். குழாய் தூம்பாகவும் கட்டுப்படுத்தும் முனை மதகாகவும் இருந்தால், படிப்பவர் எதை எதிலிருந்து பிரிப்பார்?

மதகும் முழுப் பொருத்தமன்று என்பதை மறைக்கவில்லை. 1998இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழுவினர் அறை வெப்பநிலையில் இயக்கிய நானோகுழாய்த் திரிதடையத்தில் குழாய் பிளாட்டினம் மின்முனைகள்மீது கிடந்தது. மின்காப்பு ஆக்சைடு அடுக்குக்கு அப்பால் மதகாக இருந்த சிலிக்கான், குழாயைத் தொடாமல் மின்புலத்தால் மட்டுமே அதை ஆண்டது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், தொடுமுனைத் தடுப்புகளுக்கு இடைப்பட்ட குழாய், எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் சிறு தீவாக, அதாவது குவாண்டம் புள்ளியாகிவிட்டால், எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகவே நுழையும். அது மதகில் பாயும் நீரன்று, ஏற்றத்தில் சால் சாலாக இறைப்பது.

Chirality-க்கு வழங்கும் 'கைத்தன்மை'க்கு மாற்றாகச் 'சுருள்வாகு' என்று எழுதியுள்ளேன். குழாயாகச் சுருளும் ஓரணுத் தடிப்புக் கார்பன் தாளான கிராஃபீன் எவ்வாகில் சுருண்டது என்பதைக் காட்டும் இரு எண்களின் வேறுபாடு மூன்றால் வகுபட்டால் குழாய் உலோகத்தன்மை பெறும், இல்லையேல் மதகால் ஓட்டத்தை அடைக்கக்கூடிய குறைகடத்தி. வளர்ப்பில் இரண்டும் கலந்தே வருவதால், உலோகக் குழாய் வாய்த்தவருக்கு மதகை எவ்வளவு இறக்கினாலும் ஓட்டம் அடைபடாது. இதைக் 'கை' எப்படி விளக்கும்?

கருவியைச் செய்தலைக் (fabrication) குறிக்கும் 'புனைவு' கதையை நினைவூட்டுவதால் 'ஆக்கம்' என மாற்றினேன். 'திரிதடையம்' இருக்கட்டும், குழாயைக் 'கார்பன் நானோகுழாய்' என்றே விடுகிறேன்.

*

நண்பருக்கு,

தூம்பை முன்மொழிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தூம்பின் முதற்பொருள் துளையே. மதகுப்பொருள் அதிலிருந்து கிளைத்தது. ஆகவே மயக்கம் சொல்லில் இல்லை, நீங்கள் மதகைத் தேர்ந்ததில் உள்ளது. அதை 'வாயில்' என்றிருக்கலாம். மடலாடியவருள் பெரும்பான்மையோர் நானோகுழாய்க்கே இசைந்துவிட்டதால் கையேட்டைத் தடுக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் ஒருமுறையேனும் தூம்பு வரட்டும்.