கிரய அக்ரிமெண்ட் ரெஜிஸ்டர் பண்ணணுமா, 20 ரூபா பத்திரத்துல எழுதினா போதுமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு வீட்டு மனை, 38 லட்சத்துக்கு பேசியாச்சு, அட்வான்ஸ் 5 லட்சம், மூணு மாசம் டைம். புரோக்கர் அக்ரிமெண்ட் டைப் பண்ணி வாட்ஸப்ல அனுப்பிட்டார், 20 ரூபா பத்திரத்துல கையெழுத்து போட்டு நோட்டரி வாங்கினா போதும், ரெஜிஸ்டர் பண்றது வீண் செலவுங்கறார். அதுல ஒரு வரி இப்படி இருக்கு: "குறித்த கெடுவுக்குள் 2 லக்கமிட்டவர் பாக்கி கிரயத் தொகையைச் செலுத்தி கிரயம் பெறத் தவறினால் முன்பணம் முழுவதையும் இழந்துவிட வேண்டியது". 2 லக்கமிட்டவர்னா வாங்குற நான்தான். விக்கிறவர் பக்கம் தவறினா என்னன்னு ஒரு வார்த்தை இல்ல. பட்டா இன்னும் இறந்துபோன அவரோட அப்பா பேர்லயே இருக்கு, அக்காங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத்துலயே நகை போட்டு செட்டில் பண்ணியாச்சுன்னு சொல்றார். அட்வான்ஸ்ல 2 லட்சம் கேஷா வேணுமாம். கையெழுத்து போடலாமா?

மலைக்கோட்டை_மணி:
இப்போதைக்கு போடாதீங்க. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்தே கிரய அக்ரிமெண்ட் கட்டாயம் பதிவு பண்ணணும். பதிவு பண்ணாததையும், பேசினபடி கிரயம் பண்ணிக் குடுக்க சொல்லி கேஸ் போட்டா சாட்சியமா காட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2023ல சொல்லிருச்சு, அதனால அது வெத்து பேப்பர் ஆயிடாது, ஆனா நமக்கு வேண்டியது கோர்ட்டுக்கே போகாம இருக்குறது. பதிவு பண்ணா வில்லங்கச் சான்றுல (ஈசி, அந்த சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல்) ஏறிடும், விக்கிறவர் நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட அட்வான்ஸ் கை நீட்டினா அந்த ஆள் ஈசி போட்டு பாத்ததுமே தெரிஞ்சிடும். ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, அக்ரிமெண்ட் பதிவானாலும் மனை உங்களுது ஆகாது, கிரயப் பத்திரம் பதிவானாதான்.

வக்கீல்ஆபீஸ்_செல்வி:
எனக்கு அந்த வரியை விட அக்காங்க விஷயம்தான் பயமா இருக்கு. அப்பா உயில் எழுதாம போயிருந்தா, அது அவர் சம்பாதிச்ச சொத்துன்னாலும் 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. நகை போட்டது சீர், அதனால சொத்து பங்கு போயிடாது. அக்காங்க தங்களோட பங்க விட்டுக்குடுத்து பதிவு பண்ணின விடுதலைப் பத்திரம் இருந்தா காட்டச் சொல்லுங்க, இல்லன்னா வாரிசு சான்றிதழ்ல இருக்குற அத்தனை பேரும், அம்மா இருந்தா அம்மாவும், அக்ரிமெண்ட்லயே கையெழுத்து போடணும். கிரயத்தன்னைக்கு கூட்டிட்டு வரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, உங்க 5 லட்சம் அதுக்குள்ள அவர் கைக்கு போயிருக்கும். கேஷும் வேண்டாங்க, சொத்து அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே கூடாது, வாங்கினவருக்கு அதே தொகை அபராதம் வரும், இத பக்குவமா சொன்னா அவரே செக்குக்கு ஒத்துக்குவார்.

நிலம்_வித்தவன்:
விக்கிறவங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. அக்ரிமெண்ட் பதிவு பண்ணிட்டு வாங்குறவர் காணாம போயிட்டா, அத ரத்து பண்ண அவரும் வந்து கையெழுத்து போடணும், அதுவரைக்கும் வில்லங்கத்துல அது நிக்கிறத பாத்துட்டு வேற யாரும் கிட்ட வர மாட்டாங்க. நிறைய பேர் பதிவுக்கு தயங்குறது இதுக்காகத்தான், எல்லாரும் ஏமாத்துறவங்க இல்ல. அதனால கெடு தேதிய தெளிவா போட்டு, யார் தவறினா என்னன்னு ரெண்டு பக்கமும் எழுதுங்க. விக்கிறவர் தவறினா அட்வான்ஸும் அதுக்கு மேல ஒரு தொகையும் திருப்பித் தரணும், பேங்க் லோன் கிடைக்கலன்னா என்ன, பத்திரத்துல கோளாறு தெரிஞ்சா முழு அட்வான்ஸும் எத்தனை நாள்ல திரும்பும், எல்லாம் இருக்கணும்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றிங்க. கேட்டு பாத்துட்டேன், விடுதலைப் பத்திரம் எதுவும் இல்லையாம், ஒரு அக்கா பெங்களூர்ல இருக்காங்களாம், வர லேட்டாகும்கறார். பாக்கி பணத்த நான் ரெடியா வெச்சிருந்தும் அவர் இழுத்தடிச்சா என்ன பண்றது?

வக்கீல்ஆபீஸ்_செல்வி:
அக்கா வரட்டும், அப்புறம் அட்வான்ஸ் குடுங்க, மனை எங்கயும் ஓடிடாது. இழுத்தடிச்சா கெடு முடியறதுக்கு முன்னாடியே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிடுங்க, பணம் கையில இருந்ததுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வெச்சுக்கோங்க, கோர்ட்ல முதல்ல கேக்குறது நீங்க தயாரா இருந்தீங்களான்னுதான். கேஸ் போட கெடு தேதியில இருந்து 3 வருஷம்தான் டைம். அந்த டைப் பண்ணின அக்ரிமெண்ட்ல சர்வே நம்பரும் நாலு பக்க எல்லையும் மூலப் பத்திரத்தோட (அந்த மனைக்கு முன்னாடி பதிவான பழைய பத்திரம்) ஒத்துப் போகுதான்னு இன்னைக்கே பாத்துடுங்க.