மறு: திரெட் மல்டிப்ளையர் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

காலநிலை மாற்றத்துக்கும் மோதல்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கான பாடக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘திரெட் மல்டிப்ளையர்’ (threat multiplier) என்ற ஆங்கிலத் தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 2007இல் சிஎன்ஏ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஓய்வுபெற்ற படைத்தளபதிகளை வைத்து வெளியிட்ட அறிக்கையால் பரவிய சொல் இது. 2009இல் ஐ.நா. பொதுச்செயலரின் அறிக்கையிலும் ஏறிவிட்டது. வறட்சி தானாகப் போய்ச் சண்டை மூட்டுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் வறுமை, நிலத்தகராறு, ஓரவஞ்சனையான ஆட்சி இவற்றின் கேட்டைப் பல மடங்காக்குகிறது என்பதுதான் கருத்து. இப்போதைக்கு ‘அச்சுறுத்தல் பெருக்கி’ என்று வைத்திருக்கிறேன். படித்தால் மைக்செட் சாமான் மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.
– செ.

செ. அவர்களுக்கு,

இவ்வளவு சுற்றுவானேன்? ‘பகைமூட்டி’ என்று ஒரே சொல்லில் முடியும். இதை நம்மவர்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்கிறது சிலம்பு. நிலம் திரிந்தால் பாலை, பாலை வந்தால் வழிப்பறி செய்யும் எயினர். காரணமும் விளைவும் அடுத்தடுத்து நிற்கின்றன. சூடானின் டார்ஃபூர் சண்டையின் வேரில் மழைக்குறைவு இருக்கிறது என்று அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் 2007இல் எழுதியதும் இதுவேதான். திணைக் கோட்பாட்டிலிருந்தே ‘திணைத்திரிபு’ என்றும் ஒரு சொல் ஆக்கலாம்.
– இரா.

இரா. ஐயா, வணக்கம்.

சிலம்பு அடிகள் அருமை, ஆனால் அவை நமக்கு வேண்டியதைச் சொல்லவில்லை. தொல்காப்பியர் பாலைக்கு இணையான புறத்திணையாக வைத்தது வெற்றியைப் பாடும் வாகையைத்தானே? ஆநிரை கவரும் வெட்சியைக் குறிஞ்சிக்கல்லவா கொடுத்தார்? நிலம் காய்ந்தால் சண்டை என்று அவர் நினைத்திருந்தால் வெட்சியைப் பாலையில் அல்லவா வைத்திருப்பார். சரி, அது கிடக்கட்டும்.

‘மூட்டி’ கூடவே கூடாது. இந்தத் துறையின் சண்டையே அந்த இடத்தில்தான் நடக்கிறது. 2009இல் ஒரு குழு, ஓர் ஆய்விதழில், ஆப்பிரிக்காவில் வெப்பம் கூடிய ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வாய்ப்பும் கூடுகிறது என்று எழுத, அடுத்த ஆண்டே அதே இதழில் ஹால்வார்ட் புஹாக் என்ற ஆய்வாளர் அதை மறுத்து, அரசியல் ஒதுக்கலும் ஏழ்மையும்தான் காரணம் என்றார். சிரியாப் போரை வறட்சியோடு கட்டிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் 2017இல் கடும் மறுப்பு வந்தது. கடைசியில் 2019இல், தங்களுக்குள் ஒத்துப்போகாத நிபுணர்களையே ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டபோது, கடந்த நூற்றாண்டின் ஆயுத மோதல் அபாயத்தில் 3 முதல் 20 விழுக்காடு வரை காலநிலையின் பங்கு இருக்கலாம், வளர்ச்சியின்மையும் அரசின் திறனின்மையும் அதைவிடப் பெரியவை என்று வந்து நின்றார்கள். இதற்குப் போய் ‘மூட்டி’ என்று எழுதினால் பாதி ஆய்வாளர்களைப் பொய்யராக்குகிறோம். பெருக்கல் என்பது சரியான கணக்கு. ஏற்கெனவே பூச்சியமாக இருக்கும் இடத்தில் எதைக் கொண்டு பெருக்கினாலும் பூச்சியம்தான். ஒரே வறட்சி இரண்டு நாடுகளில் விழுந்து ஒன்றில் மட்டும் துப்பாக்கி வெடிப்பது அதனால்தான். ‘இடர்பெருக்கி’ என் பரிந்துரை.
– வ.

வ. அவர்களே, ‘பெருக்கு’ என்றால் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுவதும்தானே? இடர்பெருக்கி வந்து இடரையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடும் என்று மாணவன் எழுதினால் மதிப்பெண் கொடுப்பீர்களா? ‘இடர்மிகுப்பி’ எனலாம். அப்புறம், மூலத்தில் உள்ள ‘கான்ஃப்ளிக்ட்’ஐ மோதல் என்று போடுவதும் எனக்கு உவப்பில்லை. ‘பூசல்’ சங்கச் சொல்.
– நா.

பூசல் என்றால் இன்று கட்சிக்குள் நடக்கும் கோஷ்டிப் பூசல்தான் நினைவுக்கு வரும். நான் வகுப்பில் நிற்பவள், எனக்கு ஒற்றைச்சொல் வெறி புரியவில்லை. ‘அபாயத்தைப் பல மடங்காக்கும் காரணி’ என்று எழுதுங்கள், கடைசி பெஞ்சுக்கும் புரியும். ‘மிகுப்பி’ என்று சொன்னால் முதலில் மிகுப்பி என்றால் என்ன என்று ஒரு வகுப்பு எடுக்க வேண்டும்.
– ச.

அம்மா, அபாயம், காரணி இரண்டும் வடமொழி. ஒரே தொடரில் இத்தனையா? காரணிக்கு ‘ஏது’ இருக்கிறதே.
– இரா.

ஐயா, ‘ஏது’வும் ஹேதுதான்.
– ச.

நண்பர்களே, வியாழன் இரவு ஆகிவிட்டது. பெரும்பாலோர் ‘பெருக்கி’யைச் சகித்துக்கொள்வதாகத் தெரிகிறது. முதல் முறை வரும் இடத்தில் ச. அவர்களின் விளக்கத்தை முழுசாகப் போட்டு, பிறகு ‘அச்சுறுத்தல் பெருக்கி’ என்றே விடுகிறேன். இடர் என்ற சொல்லைப் பேரிடர் மேலாண்மைக்காரர்கள் ‘ரிஸ்க்’குக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதே குறிப்பில் அதுவும் வருகிறது.
– செ.

செ., அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு இருக்கட்டும். அச்சுறுத்தல் யாருக்கு? இது தளபதிகள் மேசையில் பிறந்த சொல். அதைக் கேட்டவுடன் எல்லைக் காவலும் அகதிக் கூட்டமும்தான் கண்ணில் வரும், கிணறு வற்றியவன் வரமாட்டான். இந்தச் சிக்கல் சொல்லோடு நிற்பதும் இல்லை. 2021 டிசம்பரில் நைஜரும் அயர்லாந்தும் காலநிலையை ஐ.நா. பாதுகாப்பு அவையின் வேலைக்குள் கொண்டுவரத் தீர்மானம் வைத்தபோது ரஷ்யா வீட்டோ போட்டது, இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது. காலநிலையைப் பேச வேறு மன்றம் இருக்கிறது, அதைப் படைவலிமை உள்ளவர்களின் அவைக்கு ஏன் இழுக்கிறீர்கள் என்பது எதிர்த்தவர்கள் தரப்பு வாதத்தில் ஒன்று. அந்த வாதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நைஜர் போன்ற நாடே அதைக் கேட்டது என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் ‘இடர்’ என்றால் பேச்சு துன்பப்படுகிறவன் பக்கம் நிற்கிறது, ‘அச்சுறுத்தல்’ என்றால் காவல் நிற்பவன் பக்கம் போய்விடுகிறது. அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.
– வ.

பெருக்கியை நானும் ஏற்கவில்லை. மோதல், பூசல் இரண்டையும் விட்டு பகை, போர் என்று பொருள்படும் ‘இகல்’ என்பதை எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். தனி மடல் இழை தொடங்குகிறேன், இ-க-ல் வேர்ச்சொல் குறித்து ஒன்பது பக்கம் தயாராக இருக்கிறது.
– இரா.